வாலில் விழுந்த சுருக்கு

"ஹலோ... ஹலோ, மாமா? சத்தமாப் பேசுங்க, காத்து இரையுது."

எசென் ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் தன் பட்டறையில் நின்றிருந்தான். மறுமுனையில் மலை மேய்ச்சலிலிருந்து மாமனார் தோக்தொசுன். பழைய கார் சக்கர அச்சையும் உடைந்த ஒலிபெருக்கிகளின் காந்தங்களையும் வைத்து எசென் செய்த காற்றாலை அவர் கூடாரத்துப் பக்கத்தில் நிற்கிறது. காற்று மிஞ்சினால் அதன் வால் மடங்கி, இறக்கைகளைக் காற்றிலிருந்து திருப்பிவிடும்.

"ஆமா... ஆமா... விளக்கு பளிச்சுனு எரியுதா? சந்தோஷம்... என்னது, இறக்கை விசில் அடிக்குதா? இவ்வளவு காத்துல வால் மடங்கி ஒதுங்கியிருக்கணுமே... என்ன பண்ணீங்க?

... சுருக்கு வீசி வாலைப் பிடிச்சுட்டீங்க. முளையிலயும் கட்டிட்டீங்க. பிரமாதம்... முரட்டுக் குதிரையை அப்படித்தான் பிடிக்கணும், ஒத்துக்கறேன். இது குதிரை இல்லையே மாமா!

... காத்து வந்தா மூஞ்சியைத் திருப்பிக்குதா? திருப்பிக்கத்தான் செஞ்சேன்! கார் கூரையில கட்டி ஏரி ரோட்டுல ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். வேகம் அம்பதைத் தாண்டினா வால் மடங்கணும். அதுல உருப்படியா வேலை செஞ்சதே அது ஒண்ணுதான். அதைப் போய்க் கட்டிப் போட்டிருக்கீங்க.

... அடியிலயா நிக்கிறீங்க? இறக்கை பிச்சுக்கிட்டு வந்தா கூடாரமும் போகும், நீங்களும் போவீங்க. அத்தை எங்க? ... போர்சோக் ரொட்டி பொரிக்கிறாங்களா? பொரிச்ச வரைக்கும் போதும், வெளிய வரச் சொல்லுங்க!

... முடிச்சு இறுகிடுச்சா? அப்ப வெட்டுங்க. முளைகிட்ட... குதிரைமுடிக் கயிறுன்னா என்ன? வெட்டுங்க..."

எசென் கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தான்.

"... ம். தெரியும். துமார் திரிச்சது. மறுமுனையை நான்தான் பிடிச்சிருந்தேன்... தெரியும் மாமா. உங்களுக்கு மகள், எனக்குப் பொண்டாட்டி. அவளுக்கு மண்ணு போட்டதும் நாம ரெண்டு பேரும்தான்... வெட்டுங்க.

... வெட்டியாச்சா? தள்ளிப் போங்க! ... வால் மடங்குச்சா? ... விசில்? ... சரி. சரி... விளக்கு மங்கிடுச்சா? மங்கத்தான் செய்யும்.

... கயிறு மேலேருந்து ஆடுதா? ஆடட்டும். ஞாயித்துக்கிழமை வந்து நானே... மாமா? ... மாமா, என்ன பண்றீங்க? ... கயித்து நுனியைப் பிடிச்சிருக்கீங்களா! மறுபடியும் கட்டுறதுக்கா? ... சும்மாவா?

... ம்.

இறக்கைக்கு அடியில இல்லாம வால் பக்கமாத்தானே நிக்கிறீங்க? ... சரி... போனை வைங்க மாமா. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. இழுக்காம."