வேக டிஸ்க்கில் ஒரு முகம்

— கையை எடு பாபு. கிராஃபிக்ஸ் ஓடறதை நிறுத்தினா நம்ம மேனேஜர் மூர்த்தி காரு என்னைத்தான் கேப்பாரு.

— நிறுத்தாம என்ன பண்றது ஹைமாக்கா? ஒரு ஃப்ரேம் வெளிய வர முக்கா மணி நேரம் ஆகுது. சாயங்காலத்துக்குள்ள கிளைமாக்ஸ் முழுசும் போயாகணும். இந்த வேகத்துல போனா படம் சங்கராந்திக்கு வராது, உகாதிக்குத்தான்.

— மெஷின் எல்லாம் நல்லாத்தான் ஓடுது. வேணுங்கற ஃபைல் டிஸ்க்குலேர்ந்து வரணுமேன்னு காத்துக்கிட்டு சும்மா நிக்குது. அவ்வளவுதான்.

— அதுக்குத்தானே புதுசா வேக டிஸ்க் வாங்கினோம்? காலையிலேயே மாட்டினியே.

— மாட்டினேன். அது சின்னது பாபு, எல்லாத்தையும் அதுல வைக்க முடியாது. யாரை வைக்கறதுன்னு மூர்த்தி காரு முடிவு பண்ணிட்டாரு. ஹீரோ ரணதீர் காரு முகம் இருக்கற ஃபோல்டரை வையி, வேற எதுவும் கூடாதுன்னுட்டாரு. வெச்சேன். இப்ப இந்தத் திரையைப் பாரு. வேக டிஸ்க்ல விளக்கே எரியல. யாரும் அந்தப் பக்கம் போகல.

— பழைய டிஸ்க்?

— கல்யாண வீட்டுல பந்திக்கு நிக்கற மாதிரி கூட்டம்.

— நெசமாவா சொல்ற?

— பொறு, கேளு. இந்த சிஸ்டம் எந்த ஃபைலை எத்தனை தடவை தொடுறாங்கன்னு தானா கணக்கு வெச்சுக்கும். விட்டுட்டா, அடிக்கடி தொடுறதை எல்லாம் அதுவே வேக டிஸ்க்குக்குத் தூக்கிட்டு வந்துடும். உப்பு டப்பா அடுப்புகிட்ட, ஆவக்காய் ஜாடி பரண் மேல. நாம என்ன பண்ணி வெச்சிருக்கோம்? ஜாடியை அடுப்பு மேல வெச்சுட்டு உப்புக்கு ஏணி ஏறிட்டு இருக்கோம்.

— அப்ப ஹீரோவைத் தூக்கி பழைய டிஸ்க்ல போட்டுடலாங்கற.

— ஆமா.

— அக்கா, ரணதீர் காரு ஃபோல்டரைக் கீழ இறக்கினோம்னு மூர்த்தி காருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நான் வேலை போய், ஊருக்குப் போற ராஜமுந்திரி பஸ்ல இருப்பேன்.

— ஜன்னலோர சீட்டா பார்த்து உக்காரு. இறக்கிட்டேன்.

— இறக்கிட்டியா?

— சிஸ்டத்தை அதுபாட்டுக்கு விட்டுட்டேன். பாரு, வருது. குதிரை வந்துடுச்சு. கோட்டை மதில் வந்துடுச்சு. இது என்னது, தூசியா?

— தூசி, நெருப்பு, புகை. ஒவ்வொரு ஃப்ரேம்லயும் இருக்கே. அக்கா, அக்கா, இங்க பாரேன். என் திரையில.

— என்ன?

— ஒரு ஃப்ரேம் முடிஞ்சுது. இதோ இன்னொண்ணு. சாயா ஆறல அக்கா, நான் வாயே வைக்கல, அதுக்குள்ள வரிசையா வருது.

— எவ்வளவு ஆகுது ஒண்ணுக்கு?

— அஞ்சு நிமிஷம். சத்தியமா அஞ்சு நிமிஷம். மதியத்துக்கே முடிச்சுடுவோம் போலருக்கே. நீ தெய்வம். உனக்கு நான் இன்னைக்கு பாரடைஸ் ஓட்டல்ல டபுள் மசாலா பிரியாணி வாங்கித் தரேன்.

— வாங்கிக் குடு, வேணாம்னு சொல்ல மாட்டேன். பொறு. இந்த முதல் வரிசைல ஒரு ஃபைல் இருக்கு. குதிரையை விட ஜாஸ்தி தடவை தொட்டிருக்காங்க. பேரு ‘டெஸ்ட் பாபு’. அது யாரு?

— நான்தான். கோடையில ரணதீர் காரு ஸ்விஸ்ல பாட்டு ஷூட்டிங்ல இருந்தாரில்ல? குதிரைச் சண்டை எப்படி வரும்னு பார்க்க ஒரு முகம் வேணும்னாங்க. சும்மா இருந்தவன் நான் ஒருத்தன்தான். மரக் குதிரை மேல உக்கார வெச்சு, சுத்தி நாப்பது கேமரா வெச்சுப் படம் எடுத்தாங்க. கத்து, அழு, வாளை ஓங்குன்னாங்க. பண்ணேன். ஒரு வாரம் இடுப்பு வலி.

— அது சோதனைக்குத்தானே?

— சோதனைக்கு மட்டுந்தான். அவரு வந்ததும் முகத்தை மாத்திக்கலாம்னு.

— அப்புறம் ஏன் பாபு இது இன்னைக்கு, இந்த நிமிஷம் வரைக்கும் ஓடுது?

— கூட்டத்துல எங்கயாவது போட்டிருப்பாங்க. பின்னாடி நிக்கற சிப்பாய்.

— பின்னாடி நிக்கற சிப்பாயை ஒவ்வொரு ஃப்ரேம்லயுமா கூப்பிடுவாங்க? பொறு, ஹீரோ ஃபோல்டர் கணக்கைப் பார்க்கறேன்.

— எவ்வளவு?

— இல்ல.

— இல்லன்னா?

— ஒருத்தரும் தொடல. காலையில மட்டும் இல்ல. அவரு முகம் வந்து சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட யாரும் திறக்கல.

— அக்கா, அந்தக் கடைசி ஷாட்டைப் பெருசு பண்ணு. இன்னும். ஹெல்மெட்டுக்குக் கீழ, தாடிக்கு மேல.

— மூக்கு.

— எங்க அப்பா மூக்கு அது. ஐயோ. ரணதீர் காரு படத்துல குதிரை மேல உக்காந்து ராஜ்ஜியத்தைப் புடிக்கறது நானா?

— சேறும் ரத்தமும் தாடியுமா இருக்கு, யாரும் மூஞ்சியை உத்துப் பார்க்கல. எல்லாரும் நெருப்பு சரியா இருக்கான்னு பார்த்திருக்காங்க. முகத்தை மாத்த வேண்டியது யாரு வேலை?

— நம்மகூட இருந்த வம்சி வேலை. அவன் ஜூலையிலயே பெங்களூரு போயிட்டான். அவன் விட்டுட்டுப் போனதை யாரும் எடுத்துப் பார்க்கல.

— போன வாரம் எத்தனை ஷாட் டைரக்டர் ஆபீசுக்குப் போச்சு?

— பாதிக்கு மேல. தியேட்டர்ல வந்ததுன்னு வையி, ரசிகர் மன்றத்துக்காரங்க இந்த பில்டிங்கை விட்டு வைப்பாங்களா? கட்-அவுட்டுக்குப் பாலு ஊத்தறவங்க நமக்கு என்ன ஊத்துவாங்கன்னு யோசி.

— யோசிக்க நேரமில்ல. இப்ப ஃப்ரேம் அஞ்சு நிமிஷம்தானே? நேத்துன்னா முடியாது. இன்னைக்கு முடியும். அவரு முகத்தை மேல கொண்டு வரேன், நீ எல்லா ஷாட்லயும் மாத்து. மொத்தக் கிளைமாக்சையும் முதல்லேர்ந்து ஓட்டுவோம். இருட்டறதுக்குள்ள வந்துடும்.

— வருமா அக்கா?

— வரும். போடு.

— போட்டுட்டேன். முதல் ஷாட் மாத்தியாச்சு. ரெண்டாவதும். நெசமாவே வந்துடும் போலருக்கு. இப்ப அவரு ஃபோல்டர்ல விளக்கு எரியுதா?

— பளபளன்னு எரியுது. முதல் தடவையா வேலை பார்க்கறாரு மனுஷன். கதவை யாரோ தட்டறாங்க பாரு. மூர்த்தி காரு. நீ பேசாதே, நான் சொல்லிக்கறேன்.

— அம்மா ஹைமா, சத்திபாபு, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? கையில இருக்கறதைக் கீழ வைங்க, புரிஞ்சுதா. டைரக்டர் ஆபீஸ்லேர்ந்து நேரா வரேன்.

— சார், நாங்களே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தோம். கிளைமாக்ஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. சரி பண்ணிட்டு இருக்கோம், சாயங்காலத்துக்குள்ள எல்லா ஷாட்டும் புதுசா—

— புதுசா ஒரு மண்ணும் வேணாம்மா. எல்லாத்தையும் நிறுத்து. ரணதீர் காரு இப்பத்தான் போன வாரத்து ஷாட்டையெல்லாம் பார்த்தாரு. மூணு தடவை போடச் சொன்னாரு, எங்க எல்லார் முன்னாடியும் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. ‘இருபது வருஷத்துல நான் இப்படி நடிச்சதே இல்ல, ஒரு ஃப்ரேமைக்கூட யாரும் தொடக்கூடாது’ன்னுட்டாரு.