வருவதற்கு முன்பே வெளியேறியவர்

பெயர், முகவரி: மேலே என் கையால் எழுதிக் கொடுத்தபடி. வயது: முப்பத்தாறு. தொழில்: பெயிண்ட் கிடங்கின் கணினிப் பிரிவில் வேலை. தீயணைப்பு வீரர்களை உள்ளே போகவிடாமல் தடுத்தது ஏன் என்று கேட்டதன் பேரில் நான் சொல்வதாவது:

எங்கள் கிடங்கில் நுழைவாசலிலும் வெளிவாசலிலும் ஒவ்வொரு கருவி உண்டு. ஊழியர் அடையாள அட்டையைக் காட்டினால் நேரத்தோடு ஒரு பதிவு விழும். இரு வாசல்களிலிருந்தும் ஓயாமல் வரும் இந்தப் பதிவுகளை, வர வர, அட்டை எண்ணையும் நேரத்தையும் பார்த்து ஜோடி சேர்க்கும் எஸ்க்யூஎல் என்ற கணினிமொழிக் கட்டளையை எழுதியவள் நான். நுழைந்த நேரத்துக்குப் பிறகு வெளியேறிய பதிவு இருந்தால் ஜோடி சேரும். ஜோடி கிடைக்காதவர் இன்னும் உள்ளே இருப்பதாகத் திரை காட்டும்.

சம்பவத்தன்று காலை கிடங்கின் பின்பக்கம் தீப்பிடித்து, மணி அடித்து, எல்லோரும் அட்டையைக் காட்டிவிட்டு வெளிவாசல் வழியாக ஓடி வந்தோம். அதன் பிறகு காவலாளி அறைத் திரையைப் பார்த்தபோது ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அவர் என் அக்கா கணவர்; அங்கேயே சரக்கு ஏற்றுபவர். போன் செய்தும் எடுக்கவில்லை. மேலாளர் தீயணைப்பு அதிகாரியிடம் திரையைக் காட்டியதும் இரண்டு வீரர்கள் முகமூடி மாட்டத் தொடங்கினார்கள்.

அதன் பிறகு நான் ஜோடி சேர்ப்பதற்கு முந்தைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அத்தானின் அட்டை வெளிவாசலிலும் பதிவாகியிருந்தது, ஆனால் அவர் உள்ளே நுழைந்ததற்கு முந்தைய நேரத்தில். உள்ளே வராத ஆள் எப்படி வெளியே போவார்? உடனே என் பதிவைப் பார்த்தேன். மணி அடிப்பதற்கு முன்பே நான் ஓடி வந்துவிட்டதாக இருந்தது. எனக்கு அவ்வளவு ஞானதிருஷ்டி கிடையாது. வெளிவாசல் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு அதனால் பாதகமில்லை. வந்த காலோடு திரும்பியவரைத்தான் அது மாட்டிவிடும்.

"உள்ள யாரும் இல்ல சார், அனுப்பாதீங்க" என்று குறுக்கே நின்றேன்.

மேலாளர், "கம்ப்யூட்டரே உள்ள இருக்காருன்னு சொல்லுதே" என்றார். "அதுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் சார்" என்றேன்.

தீயணைப்பு அதிகாரி, "தப்பாப் போனா?" என்று மட்டும் கேட்டார்.

"அவரு என் அக்கா புருஷன். தப்பாப் போனா எந்த முகத்தோட நான் வீட்டுக்குப் போவேன்?" என்றேன். அவர் வீரர்களை நிறுத்தினார்.

அட்டை காட்டாமல் யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டு அத்தான் மறுபடி நுழைந்திருந்தால் என்ற பயம் அதன் பிறகுதான் வந்தது. அப்போதே கூரை இடிந்து விழுந்தது. போயிருந்தால் அந்த இருவரும் அதன் அடியில் இருந்திருப்பார்கள். அத்தானும் அதன் அடியில் இருந்தால் என்ற நினைப்பில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு என் போன் அடித்தது. அத்தான்தான். வேலைக்கு வந்ததுமே பல்வலி தாங்காமல் கிளம்பிப் போய், வாய் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பல் டாக்டர்தான் போனில் முதலில் சொன்னார். "வ்வா... வ்வோ..." என்பதற்கு மேல் அத்தான் வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, என்னால் பேச முடியவில்லை. தீயணைப்பு அதிகாரி போனை வாங்கி, "ஐயா, நீங்க பேசவே வேணாம். சும்மா மூச்சு விட்டுக்கிட்டே இருங்க, நாங்க கேட்டுக்கிறோம்" என்றார்.

இவ்வளவும் நான் சொன்னதே. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)