செயினுக்கு எந்த எண்ணெய்

சைக்கிள் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, சார். மார்கழிக் குளிரில் உறைந்துபோகும். விளக்கெண்ணெய் என்றால் செவிலிமேட்டுப் புழுதி முழுவதையும் வாரிக்கொண்டு வரும். தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டுத் துணியால் துடைக்க வேண்டும். ரிம்மில் மட்டும் படவே கூடாது, பிரேக் பிடிக்காது. உங்கள் ஏட்டையா சைக்கிளுக்கே நான்தான் போட்டுக்கொடுத்தேன். கேட்டுப் பாருங்கள், வாகனப் புறப்பாட்டில் சாமி வருகிற மாதிரி போகும்.

நான் பட்டு நெய்கிறவன், பெயர் வீரபாகு. கரை வேறு நிறத்தில் வருகிற கோர்வைச் சேலையில், கரைக்கு நூல் கொண்டுபோகத் தனி நாடா ஓட வேண்டும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ள இன்னொரு கை வேண்டும். எனக்கு அந்தக் கை என் தங்கை கீர்த்தி. நாடா தள்ளிக்கொண்டே மூன்று வருஷம் பேங்க் பரீட்சைக்குப் படித்தாள். இந்தத் தடவை பாஸாகிவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் நாடா தள்ள யார்?

பரீட்சைக்கு முந்தின நாள் அவளே வந்து கேட்டாள். “அண்ணா, செயின் கீச்சு கீச்சுன்னு கத்திக்கினே இருக்குது. காலைல ரயிலைப் புடிக்கணும். கொஞ்சம் எண்ணெய் போட்டு வையேன்பா.”

போட்டேன். அப்படியே இரண்டு ரிம்மிலும் சுற்றித் தடவினேன். பிரேக் பிடிக்காவிட்டால் பயந்து தள்ளிக்கொண்டு போவாள், ரயில் போய்விடும், அவ்வளவுதான் நினைத்தேன். தெருமுனையில் டவுன்பஸ் திரும்பும் என்பது தெரியாதா என்றால், தினமும் பார்க்கிறதுதான்.

பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கரண்ட் கம்பத்தில் மோதினாள். வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “செயின் ஒரு சத்தம் போடல தெரியுமாண்ணா, அவ்ளோ நல்லா போச்சு” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் டிரைவர் மேல் கேஸ் எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் பிள்ளைகுட்டிக்காரர். எனக்கும் மனசாட்சி இருக்கிறது, அதனால்தான் நானே வந்தேன்.

சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள் சார், கீர்த்தி தறியில் காத்திருப்பாள். பரீட்சை எழுதத்தான் வலது கை வேண்டும். நாடா தள்ள இடது கை போதும்.