மேலே பார்க்காதவள்

சாயங்காலம் ஆறு இருபது. மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், ரோடு ஏரிக்கரைமேல் ஏறி ஒரு கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து போகும்... அந்த இடம். இந்தப் பக்கம் ஏரி. அந்தப் பக்கம் வயல். நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு பெட்டிக்கடை கிடையாது. ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

நடந்தது நம்ம ஜானுடைய தாய்மாமனுக்கு. பெயர் சாமுவேல். டிராக்டர் டிரைவர். 2007, ஆவணி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மானாம்பதியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டு டி.வி.எஸ். ஐம்பதில் திரும்பிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் மகள் ஷாரோன், எட்டு வயது. மனைவி பவளத்துக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. அப்பாவும் மகளும் மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைமேல் பாதி தூரம் போயிருப்பார்கள். ஷாரோன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வடகிழக்கே, பனைமரங்களுக்கு மேலே... நெருப்பு. மஞ்சளாக, உள்ளங்கை அகலத்துக்கு. அது விழவில்லை, ஏறியது. சத்தமே இல்லை. மெதுவாக ஏறி, வலது பக்கம் சாய்ந்து, பின்னால் வெள்ளையாக ஒரு கோடு விட்டுக்கொண்டே போனது. பூமியில் வெயில் போய்விட்டது. ஆனால் அந்தக் கோட்டில் மட்டும் வெயில் இருந்தது. பாம்பு புரள்கிற மாதிரி அது நெளிய ஆரம்பித்தது.

சாமுவேல் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். அவன் வாய் தானாக ஜெபம் சொல்லிற்று. காலையில்தான் கோயிலில் பாஸ்டர் ஆண்டவர் மேகத்தின்மேல் திரும்பி வருவதைப் பற்றிப் பேசியிருந்தார். ஷாரோனோ அது பறக்கும் தட்டு என்றாள், டி.வி.யில் பார்த்தாளாம், உள்ளே இருந்து ஆட்கள் இறங்கி வருவார்களாம். அவனுக்கு எது என்று பிடிபடவில்லை.

கீழே வயலில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு. பத்துப் பதினைந்து பேர், கையில் கதிர் அரிவாளோடு அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாருடைய முகமும் வானத்தில். வாய் பிளந்தபடி. ஒரு மாடுகூட அசையவில்லை.

அப்போதுதான் ஷாரோன் கேட்டாள்.

"யப்பா... எல்லாம் மேல பாக்கறாங்க. அந்தம்மா மட்டும் ஏன் நம்மளயே பாத்துக்கினு கீது?"

சாமுவேல் கீழே பார்த்தான். அறுத்தவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, வரப்புமேல் ஒரு பொம்பிளை. இடுப்பில் துணி மூட்டை. தலை நிமிரவில்லை. இத்தனை பெரிய நெருப்பு வானத்தில் போகிறது, அவள் அதைப் பார்க்கவில்லை. இவனைப் பார்க்கிறாள்.

அவளை அவனுக்குத் தெரியும். சொக்கம்மாள். செத்து நாலு மாசம் ஆகிறது.

சித்திரையில் நடந்த கதை அது. ஏரி ஓரத்து மேட்டில் இருளர் குடிசைகள் ஏழு இருந்தன. செங்கல் சூளைக்கு மண் வேண்டும் என்று ஒரு பெரிய மனுஷர் அந்த மேட்டின்மேல் கண் வைத்தார். புறம்போக்கு. பட்டா யாரிடமும் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. பிளேடு மாட்டின டிராக்டரை அங்கே ஓட்டியவன் சாமுவேல். ஆறு குடிசைக்காரர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு விலகிவிட்டார்கள். சொக்கம்மாள் மட்டும் வாசலில் நின்றாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சும்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். இவன் கியரைப் போட்டான். பதினோராம் நாள், கோடை மழையில், புளியமரத்தடியில் விறைத்துக் கிடந்தாளாம். அவனுக்குச் சேதி வந்தது. அவன் போகவில்லை.

இப்போது... அதே பார்வை.

அவன் பெடலை மிதித்தான். வண்டி உறுமி அணைந்தது. மறுபடி மிதித்தான். இல்லை. நிமிர்ந்து பார்த்தால், வரப்பில் இருந்தவள் வாய்க்கால் பக்கம் நிற்கிறாள். அவள் நடந்து வந்ததை அவன் பார்க்கவில்லை. மறுபடி மிதித்தான். இப்போது கரைச் சரிவில். ஒரு பத்தடி தூரம்தான். அந்த வாசனை வந்தது... மழையில் ஊறின மண்சுவர், அதோடு பழைய கூரையின் கரிப்புகை. பிளேடு சுவரில் இறங்கியபோது மூக்கில் ஏறிய அதே வாசனை. தூரத்தில் எங்கோ டபடபவென்று ஒரு சத்தமும் கேட்டது, டிராக்டர் மேடு ஏறுகிற மாதிரி. வானத்து நெருப்பு ஒரு புள்ளியாகிப் போய்விட்டிருந்தது.

நாலாவது மிதியில் வண்டி பிடித்தது. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விரட்டினான். மேட்டில் வண்டி இழுக்கவே இல்லை. பின் டயரில் காற்று இறங்கிவிட்டது போல ஒரு கனம். இறங்கிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஊர் விளக்கு தெரிந்த பிறகு ஒரே ஒரு தடவை ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். துரத்திக்கொண்டு யாரும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

ஓயாமல் பேசுகிற ஷாரோன் வழியெல்லாம் பேசவில்லை.

ஊர் முனையில் கோபாலுடைய டீக்கடை. சாமுவேல் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, வானத்தில் தான் பார்த்ததை எல்லாம் மூச்சு வாங்கச் சொன்னான். அந்தப் பொம்பிளையை மட்டும் சொல்லவில்லை. கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோபால் டி.வி.யைக் காட்டினான்.

"ராக்கெட்டுப்பா. ஸ்ரீஹரிகோட்டால வுட்டாங்க. நாலு மணிக்கே வுட வேண்டியது, ரெண்டு மணி நேரம் லேட்டாம்."

டி.வி.யில் அதே நெருப்பு, அதே வெள்ளைக் கோடு. சாமுவேலும் சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான். வானத்தில் போனது ராக்கெட் என்றால் வரப்பில் நின்றதும் யாரோ ஒரு கூலிக்காரிதான்... பயந்த கண்ணுக்குச் செத்தவள் மாதிரி தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். டயரை அழுத்திப் பார்த்தான். காற்று கல் மாதிரி இருந்தது. அதையும் அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் முழுக்க ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கூலிக்காரி யார் என்று தெரிந்துவிட்டால் நிம்மதி. சாயங்காலம் அதே வயலுக்குப் போனான். அறுப்புக்கு மேஸ்திரி கன்னியப்பன். இடிந்த ஏழு குடிசையில் ஒன்று அவனுடையது. இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரைக் கட்ட ஆரம்பித்தான்.

நேற்று ஒரு பொம்பிளை மட்டும் மேலே பார்க்காமல் நின்றாளே, அது யார் என்று சாமுவேல் கேட்டான்.

"உங்கிட்ட எனக்கு இன்னா பேச்சு?" என்றான் கன்னியப்பன். குனிந்து கட்டை முடித்தான். அப்புறம் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னான். "தீ போவசொல்ல எவன் கீள பாப்பான்? எல்லாரும் மேலதான் பாத்தோம். அது அணஞ்சப்புறம் உன் வண்டி போறத பாத்தோம். பொண்டாட்டிய ஏத்திக்கினு, புள்ளய நடுவுல வெச்சிக்கினு பறந்தியே... இன்னாத்துக்கு அம்மாம் அவசரம்?"

சாமுவேல் மற்ற ஆட்களைப் பார்த்தான். ஒருத்தரும் கன்னியப்பன் சொன்னதை மறுக்கவில்லை. குனிந்து கதிரை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். அதில் ஏற அவனால் முடியவில்லை. வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பவளம் காய்ச்சலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஷாரோன் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். சாமுவேல் அவள் எதிரில் உட்கார்ந்தான். குரலை இறக்கி, நேற்று வண்டியில் உன் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்டான்.

ஆமாம் என்று தலையாட்டினாள். பயமே இல்லை அவளுக்கு.

ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொல்லாதன்னுச்சி."

"வேற இன்னா சொல்லிச்சி?"

ஷாரோன் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணுதாம்ப்பா கேட்டுச்சி. உங்க வூட்டுல எடம் கீதான்னு. நா கீதுன்னு சொல்ட்டேன்."

சொல்லிவிட்டு, விரித்த பாயைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள்... பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு.