கீழ்க்கணக்கின் அறுபது

மழைமானி ஒன்றும் பெரிய சங்கதியில்லை, ஐயா. ஒரு புனல், அதற்குக் கீழே சின்னக் கரண்டி. கரண்டி நிறைந்தால் சாயும். சாய்ந்த தடவைகளை எண்ணினால் எவ்வளவு மழை என்று தெரிந்துவிடும். தேயிலைத் தோட்டங்களில் அப்படி முப்பத்தேழு மானிகளை நட்டவன் நான். பெயர் ஜூலியன், ஊர் தலவாக்கலை. ஹட்டனில் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் பதினைந்து வருடம் வேலை.

மானிகள் அனுப்பும் கணக்கைப் பார்த்து, மழை எல்லை மீறினால் அந்தத் தோட்டத்துச் சங்கை ஊதவைக்கும் நிரலை எழுதியதும் நான்தான். பெர்ல் என்ற கணினி மொழியை இரவல் புத்தகத்தில் படித்துக்கொண்டேன். ஒரு மானிக்கு ஒரு பேக்கேஜ். அதாவது தனித்தனி நிரல் பொதி. இருபத்துநாலு மணி நேரத்தில் நூறு மில்லிமீட்டர் என்ற எல்லையை முப்பத்தேழிலும் எழுதிவைத்தேன். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் முப்பத்தேழையும் திறக்க வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் பூரணி வந்தாள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கீழ்க்கணக்கு என்னும் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டுப் பெண். இருபத்தாறு வயது. வந்த மூன்றாம் மாதம் எல்லாப் பேக்கேஜுகளுக்கும் மேலே ஒரு தாய்ப் பேக்கேஜை வைத்தாள். எல்லையோ, சங்கு ஊதும் நேரமோ, எந்த அளவானாலும் தாயிடம் ஒருமுறை எழுதினால் போதும். பிள்ளைகள் தாமாகவே அதை எடுத்துக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு அளவு வேண்டுமா, அந்தப் பிள்ளையில் ஒரே ஒரு வரி. அது இருந்தால் அதுதான் செல்லும், இல்லாவிட்டால் தாயுடையது.

அழகான வேலை. அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் தலைவர் செல்லசாமி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். "பதினஞ்சு வருஷமா இது ஏன் யாருக்கும் தோணல?"

கேட்டுவிட்டு அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பூரணி மட்டும் சிரிக்கவில்லை. "ஜூலியன் அண்ணே போட்ட அடித்தளம் இல்லாட்டி நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுங்க" என்றாள். அவள் சும்மா இருந்திருக்கலாம்.

அதன் பிறகு தோட்டத்துரைமார் தொலைபேசியில் அவளைத்தான் கேட்டார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அவளைத்தான் படமெடுத்தார்கள். அவளோ எதைச் செய்தாலும் என்னிடம் கொண்டுவருவாள். "நீங்க ஒருக்கா பார்த்துட்டீங்கன்னா எனக்குத் தைரியம்ண்ணே." பார்த்துக் கொடுப்பேன். ஒரு பிழையும் இருக்காது. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

வைகாசியில் அவளுடைய அப்பா சோலைமலை தொலைபேசியில் அழைத்து, லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது என்று சொன்னார். பூரணி கீழ்க்கணக்குப் பேக்கேஜில் ஒரு வரி சேர்த்தாள்: எல்லை அறுபது. அதையும் என்னிடம் காட்டினாள். சரி என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒன்றும் உடையவில்லை. வரி இல்லாத பிள்ளை, தாயின் நூறை எடுத்துக்கொண்டது. ஒரு தடவை சங்கு தவற வேண்டும், அதுவும் அவளுடைய ஊரிலேயே தவற வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைத்துப் பார்க்கவில்லை.

வரியை எடுத்த பதினோராம் நாள் மழை பிடித்தது. கணக்கு வரும் திரைக்கு முன்னால் அன்று எனக்கு முறை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். பூரணி தன் மேசையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கீழ்க்கணக்குல எவ்வளவு காட்டுது?"

"எண்பத்தொண்ணு."

"அப்ப சங்கு ஊதியிருக்கும். எல்லாரும் மேட்டு ஸ்கூலுக்கு ஏறியிருப்பாங்க" என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"ம்" என்றேன்.

அவள் எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். குடித்தோம். நாலேகாலுக்குச் செய்தி வந்தது. லயத்தில் ஆறு குடும்பங்களின் காம்பிராக்கள் மண்ணுக்குள். ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி அம்மாக்கண்ணு, பூரணியின் அம்மா.

பூரணி போட்டிருந்த செருப்போடு பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் போன பிறகு அந்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதினேன்.

அடக்கத்தில் அவளுக்குப் பின்னால் குடை பிடித்து நின்றது நான்தான். சோலைமலை அழவில்லை. மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா சங்கு ஊதல?"

அடுத்த மூன்று மாதமும் அவள் அதற்குப் பதிலைத்தான் தேடினாள். அறுபது இருக்கிறது, எண்பத்தொன்று பெய்திருக்கிறது, சங்கு ஊதவில்லை. தன் நிரலை வரி வரியாகப் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். "எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்ண்ணே. எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்" என்பாள். அப்படிச் சொல்லாதே தங்கச்சி என்பேன். பிறகு வேலையை விட்டுவிட்டாள். இப்போது அப்பாவோடு தற்காலிகக் கூடாரத்தில் இருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லையாம்.

போன வாரம் விசாரணை அறிக்கை வெளிவந்தது. தாயிடமிருந்து பிள்ளைகள் அளவை எடுத்துக்கொள்ளும் முறையே நம்பத் தகாதது, அதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு, ஐயா. அந்த முறை பழுதில்லாமல் வேலை செய்தது. வரியை எடுத்தவன் நான். எண்பத்தொன்று என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடித்தவன் நான். அந்த ஐந்து பேரும் என் கையால் செத்தவர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகத்தான் பொலிஸுக்கு வந்தேன். ஒரு பெண் செய்யாத குற்றத்தைச் சுமப்பதை என் மனசாட்சி பொறுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கையை நீங்களே படித்துப் பாருங்கள். நாற்பது பக்கம். அவள் பெயர் பதினாறு இடத்தில் வருகிறது. என் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.