வாத்து யார் கையில்?

நோலீன்: ...இப்படி ஆரம்பிச்சீங்கன்னா அவ வந்த வழியே திரும்பிப் போயிடுவா. வேற மாதிரி சொல்லுங்க.

கிளைவ்: வேற எப்படிச் சொல்றது? கம்ப்யூட்டர்ல கோளாறு. அவ்ளோதான்.

நோலீன்: நான்தான் லினெட்னு வெச்சுக்குங்க. இப்பதான் கார்ல இருந்து இறங்கி வரேன். நேத்துதான் அப்பாவைப் புதைச்சேன். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

கிளைவ்: உன் மூஞ்சியைப் பார்த்தா லினெட் ஞாபகமே வரலையே.

நோலீன்: கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு இருக்கீங்க. இப்ப உங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். சொல்லுங்க.

கிளைவ்: சரி... வாம்மா லினெட். உக்காரு. டீ போடட்டுமா?

நோலீன்: வேண்டாம்.

கிளைவ்: லாமிங்டன் கேக் இருக்கு. நோலீன் கொண்டுவந்தது. கொஞ்சம் காஞ்சிருக்கும், ஆனா...

நோலீன்: கிளைவ்.

கிளைவ்: சரி, சரி. டஸ்டி, காலை மிதிக்காதே, தள்ளிப் படு. பாவம், இதுக்கும் வெக்கை தாங்கல.

நோலீன்: பதினோரு மணிக்கு வரேன்னிருக்கா. பத்து இருபது ஆச்சு. நாயைக் கொஞ்சறதை அப்புறம் வெச்சுக்கலாம்.

கிளைவ்: லினெட், உனக்குத் தெரியும். தனியா இருக்கற முப்பத்தி நாலு பேருக்குத் தினம் காலையில எட்டரைக்கு இங்கேர்ந்து போன் பண்றோம். எடுக்கலைன்னா மறுபடியும். அப்பவும் எடுக்கலைன்னா பத்து நிமிஷத்துல ஒரு ஆள் வீட்டு வாசல்ல நிப்பாங்க...

நோலீன்: தெரியும். அந்த போனை நம்பித்தான் அப்பாவை இந்த ஊர்ல விட்டுட்டு அடிலெய்டுல நிம்மதியாத் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை ஏன் பண்ணல?

கிளைவ்: அன்னிக்குப் பட்டியல்ல லெஸ் பேரு வரல.

நோலீன்: ஏன் வரல?

கிளைவ்: கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தாரில்ல... ஊர்ல இல்லாதவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல அவங்க பேர்ல இருக்கற பக்கத்துல டிக்கை எடுத்துடுவோம். டிக் இல்லைன்னா போன் பட்டியல்ல பேரு வராது.

நோலீன்: ஞாயித்துக்கிழமையே திரும்பி வந்துட்டாரே. சோபாவுல நாய் ஏறக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். கோவிச்சுக்கிட்டு, இருக்க வேண்டிய நாலு நாள் இருக்காம கிளம்பிட்டார்.

கிளைவ்: அதையெல்லாம் அவ சொல்லுவாளா என்ன?

நோலீன்: கல்லறைகிட்ட நின்னு என்கிட்ட சொன்னா. அதைச் சொல்லித்தான் அழுதா.

கிளைவ்: அந்தக் கைக்குட்டையை எடு.

நோலீன்: ஏன்?

கிளைவ்: ஒண்ணுமில்ல. கண்ணு எரியுது.

நோலீன்: திங்கட்கிழமை காலையில பதினோரு மணிக்கு லெஸ் இங்க வந்தார். நீங்க அப்பக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. ‘திரும்பி வந்துட்டேன் நோலீன், பட்டியல்ல போடு’ன்னார். வாத்து என் மேஜைமேலதான் இருந்தது. அவர் முன்னாடியே டிக் போட்டேன். இப்ப லினெட்டாக் கேக்கறேன். போட்ட டிக் எங்க போச்சு?

கிளைவ்: வாத்தைப் பத்தியெல்லாம் அவகிட்ட சொல்லணுமா?

நோலீன்: சொல்லாம எப்படி?

கிளைவ்: சிரிப்பா இருக்குமே. ஒரு உயிர் போயிருக்கு, நாம மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தைப் பத்திப் பேசிக்கிட்டு...

நோலீன்: சிரிச்சா சிரிக்கட்டும். சொல்லுங்க.

கிளைவ்: லினெட், இந்தப் பட்டியல் ஒரு சின்ன ஃபைல்மா. ஒருத்தர் ஒரு கம்ப்யூட்டர்ல வெச்சுப் பார்க்கறதுக்குப் பண்ணது. ஒருத்தருக்குத் தைச்ச சட்டை மாதிரி. ஃபைல் முன்னறையில நோலீன் கம்ப்யூட்டர்ல இருக்கு. நான்தான் ஒயர் இழுத்து, பின்னறையில இருந்தும் திறக்கற மாதிரி பண்ணேன். படிக்கறதுக்கு எத்தனை பேர் வேணா திறக்கலாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆளோட பக்கத்துல எழுதினா, கடைசியா சேவ் பண்றவங்க எழுதினதுதான் நிக்கும். முன்னாடி எழுதினவங்களோடது போயிடும். அதனாலதான் வாத்து. பௌலிங் கிளப் குலுக்கல்ல கிடைச்சது. வாத்து யார் மேஜையில இருக்கோ அவங்க மட்டும்தான் எழுதணும்.

நோலீன்: இதை யார் கண்டுபிடிச்சது?

கிளைவ்: நான்தான்.

நோலீன்: எங்கேர்ந்து?

கிளைவ்: அதான் தெரியுமே உனக்கு. ரயில்வேயில ஒத்தைத் தடம். அந்தத் தடத்துக்கு ஒரே ஒரு கோல். கோல் டிரைவர் கையில இருந்தாத்தான் வண்டி எடுக்கலாம். கோல் ஒண்ணுதான், அதனால வண்டியும் ஒண்ணுதான். எதிர்ல இன்னொண்ணு வரவே வராது. முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கோலைக் கையில குடுத்து வாங்கினவன் நான். ஒரு தடவை... ஒரே ஒரு தடவைகூட...

நோலீன்: தண்ணி குடிங்க.

கிளைவ்: வேண்டாம். நீ தண்ணின்னாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

நோலீன்: எது?

கிளைவ்: டஸ்டியோட கிண்ணம். துணி துவைக்கற அறையில விழுந்து கிடந்தாரில்ல... அவர் கைகிட்ட நாயோட தண்ணிக் கிண்ணம் கிடந்தது. காலியா. வியாழக்கிழமை கதவை உடைச்சுப் போனப்ப நான் பார்த்தேன். இழுத்து எடுத்துக் குடிச்சிருக்கார்.

நோலீன்: இதை அவகிட்ட சொல்லாதீங்க.

கிளைவ்: சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. இப்ப உன்கிட்டதான் சொல்றேன்.

நோலீன்: புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் அவகிட்ட சொல்லிட்டார். அதனாலதான் கேக்க வரா. நாயைக் கூட்டிட்டுப் போறதெல்லாம் சாக்கு.

கிளைவ்: செவ்வாய் ஒரு போன். புதன் ஒரு போன். ரெண்டுல ஒண்ணு போதும். எடுக்கலைன்னா நானே ஓடியிருப்பேன். நாலு தெரு... ஆனா பட்டியல் முப்பத்தி மூணு பேரோட வந்தது, நானும் முப்பத்தி மூணு போன் பண்ணிட்டு டீ குடிச்சேன். லெஸ் இன்னும் அடிலெய்டுல ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்னு நினைச்சேன்.

நோலீன்: போனை எடுத்ததும் என்ன சொல்லுவார்?

கிளைவ்: ‘இன்னும் போகல. குழி வெட்டறவனுக்கு லீவு குடு.’

நோலீன்: தினமும் அதே.

கிளைவ்: தினமும் அதே. கடுப்பா இருக்கும் எனக்கு.

நோலீன்: கிளைவ், நான் இப்ப லினெட்டாக் கேக்கல. நானாக் கேக்கறேன். நான் போட்ட டிக்கை எது அழிச்சது?

கிளைவ்: கோளாறு.

நோலீன்: திங்கட்கிழமை நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பின்னறையில இருந்தீங்க. வாத்து என்கிட்ட இருந்தது.

கிளைவ்: சும்மா உக்காந்திருந்தேன். அதுக்குள்ள வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிச்சான். ஆமா, செவ்வாய்க்கிழமை வந்து என் நாற்காலியில உக்காந்தா கால் தரையில படல. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தொங்குது. இந்த வெக்கையில நாற்காலிகூட வளரும்போல.

நோலீன்: பேச்சை மாத்தாதீங்க. லெஸ் பக்கத்தைத் திறந்தீங்களா?

கிளைவ்: திறந்தேன்.

நோலீன்: எழுதினீங்களா?

கிளைவ்: ஒரு வரிதான். அதுக்கு முந்தின வாரம் அடிலெய்டுல இருந்து கூப்பிட்டார். ‘எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த நாய் லினெட் வீட்டுல இருக்க முடியாது, நீ எடுத்துக்கறியா’ன்னார். எடுத்துக்கறேன்னேன். ‘அதை எங்கயாவது எழுதி வை, வாய்ப்பேச்செல்லாம் எனக்கு வேண்டாம்’னார். ஒரு வரிக்காக முன்னறைக்கு எழுந்து வந்து, உன்கிட்ட வாத்தை வாங்கி... முட்டி வலி வேற. ஒரு வரிதானேன்னு...

நோலீன்: எழுதி?

கிளைவ்: பாதி எழுதறதுக்குள்ள ஹாரன். அப்படியே விட்டுட்டு ஓடினேன். சேவ்கூடப் பண்ணல.

நோலீன்: அப்ப உங்க ஸ்கிரீன்ல லெஸ் பக்கம் பாதி எழுதினபடியே திறந்து கிடந்தது. டிக் இல்லாம.

கிளைவ்: நீ டிக் போடறதுக்கு முன்னாடி திறந்ததுதானே. ஆமா. டிக் இல்லாம.

நோலீன்: இவ்ளோ நாளாச் சொல்லாம இருந்தீங்க. கல்லறையில என் பக்கத்துலயே நின்னீங்க.

கிளைவ்: நின்னேன்.

நோலீன்: நான் ராத்திரி ராத்திரியா, ஒருவேளை டிக்கே போடலையோ, போட்டதா நினைச்சுக்கிட்டிருக்கேனோன்னு... பைத்தியம் பிடிக்கற மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

கிளைவ்: போட்டே நோலீன். நீ போட்டே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

நோலீன்: அன்னிக்குச் சாயந்திரம் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஊரே ஏசியைப் போட்டா வேற என்ன ஆகும்? அப்பதான் உங்க கம்ப்யூட்டர் தானா நின்னிருக்கும். அதுல சேவ் ஆகியிருக்கும்.

கிளைவ்: கரண்ட் போனா சேவ் ஆகாதும்மா.

நோலீன்: ஆகாதா?

கிளைவ்: ஆகாது. சேவ் பண்ணாம விட்டது அப்படியே போயிடும். கரண்ட் போயிருந்தா என் பாதி வரி போயிருக்கும், உன் டிக் நின்னிருக்கும். லெஸ்ஸும் இருந்திருப்பார். ஆனா என் வரி இருக்கு. நேத்துப் பார்த்தேன். ‘ஏதாவது ஆனா நாய் கிளைவ்’... அதோட நிக்குது. டிக் போயிடுச்சு, அந்த அரை வரி நிக்குது. யாரோ சேவ் அமுக்கியிருக்காங்க.

நோலீன்: யாரு?

கிளைவ்: அமுக்கறதுக்கு முன்னாடி அது ஒரு பெட்டியைப் போட்டுக் கேக்கும். ‘நீங்க திறந்ததுக்கப்புறம் இன்னொருத்தர் இந்தப் பக்கத்தை மாத்தியிருக்கார். உங்களோடதை வெச்சுக்கட்டுமா, விட்டுடட்டுமா?’ன்னு.

நோலீன்: யாருன்னு கேட்டேன்.

கிளைவ்: நானாத்தான் இருக்கும்.

நோலீன்: நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களே.

கிளைவ்: கிளம்பற அவசரத்துல ஏதாவது தட்டியிருப்பேன். எழுபத்தி ரெண்டு வயசாச்சு. கண்ணும் தெரியல. யார் கண்டா?

நோலீன்: லெஸ் அதுக்கப்புறம்தானே வந்தார். அப்பப் பெட்டியே வந்திருக்காதே.

கிளைவ்: நோலீன், இதை ரொம்பத் தோண்டாதே. வாத்து இல்லாம எழுதினது நான். அது போதும். லினெட் வந்தா நான்தான் பேசுவேன். தப்பு என்மேலன்னு சொல்லிடறேன். கோளாறெல்லாம் சொல்லல. நான்னு சொல்றேன்.

நோலீன்: மேல இருக்கறவங்க உங்களை இங்க வேலை செய்ய விடமாட்டாங்க.

கிளைவ்: நான் சம்பளம் வாங்கறவனா? வீட்டுல உக்காந்து நாயைப் பார்த்துக்கறேன். உன் கதை வேற. உனக்கு இது வேலை. அதோட... நீ போயிட்டா இந்த முப்பத்தி மூணு பேரை யார் பார்க்கறது?

நோலீன்: அவ உங்க மூஞ்சியில துப்பினா?

கிளைவ்: துடைச்சுக்கறேன். நீ ஒண்ணும் பேசாதே. டீ போடு, போதும்.

நோலீன்: ...சரி.

கிளைவ்: நல்ல பொண்ணு.

நோலீன்: கார் சத்தம் கேக்குது.

கிளைவ்: டஸ்டிக்குத் தெரிஞ்சிடுச்சு பார், வாலை ஆட்டறான். அந்த வாத்தை எடுத்து டிராயர்ல போடு. அவ கண்ணுல பட வேண்டாம்.

லினெட்: கதவு திறந்தே இருந்தது, வந்துட்டேன். டஸ்டி... டேய்... இளைச்சுட்டியேடா.

கிளைவ்: உக்காரும்மா.

லினெட்: இல்ல கிளைவ், உக்காரல. இவனை நான் கொண்டுபோகவும் போறதில்ல, அப்பா உங்ககிட்ட விடணும்னு சொல்லியிருந்தார். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அப்பா ஊருக்குத் திரும்பி வந்தது இங்க யாருக்காவது தெரியுமா? தெரியாதுன்னு சொன்னீங்கன்னாக்கூடப் போதும், நான் போயிடறேன்.

கிளைவ்: லினெட், தப்பு என்மேலதான்மா. திங்கட்கிழமை நான் ஒரு வரி எழுதறேன்னு...

நோலீன்: கிளைவ், கொஞ்சம் இருங்க. எனக்குத் தெரியும் லினெட். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, நீ இப்ப நிக்கற இடத்துலதான் நின்னார். பட்டியல்ல போடுன்னார், போட்டேன். அன்னிக்கு நாலு மணிக்கு நானே எடுத்துட்டேன். கிளைவ் அப்ப ஆஸ்பத்திரியில இருந்தார். அவர் நாற்காலியை என் உசரத்துக்கு ஏத்தி உக்காந்து, அவர் கம்ப்யூட்டரை மூடினது நான். எழுதற உரிமையும் அன்னிக்கு என்கிட்டதான் இருந்தது. மூடறப்ப உங்க அப்பா பக்கம் முன்னாடி இருந்தது, ஒரு பெட்டி வந்து என்னமோ கேட்டுது. படிக்கல. ஏசியை நிறுத்தியாச்சு, வேர்த்துக் கொட்டுது, வீட்டுக்குப் போகணும். சேவ்னு இருந்ததை அமுக்கிட்டு விளக்கை அணைச்சேன். வியாழக்கிழமையே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ வரதுக்கு முன்னாடி, அரை மணி நேரமா இந்த மனுஷன் வாயால அது அவர்தான்னு வரவழைச்சுக்கிட்டு இருந்தேன்.