மேக்கரை இறக்கத்தில் ஒரு சந்தனப்பொட்டு

எங்கள் ஊரில் சைக்கிளுக்குப் பிரேக் என்பது புது மாப்பிள்ளைக்கு வாட்ச் மாதிரி. கட்டியிருக்க வேண்டும், மணி பார்க்க வேண்டியதில்லை. கோவில்பட்டியை விட்டு எந்தத் திசையில் மிதித்தாலும் கரிசல் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். மேடு என்று சொல்லிக்கொள்ளக் கதிரேசன் மலை ஒன்று உண்டு. மற்றபடி காற்றுதான் எங்களுக்கு மலை. எதிர்காற்று அடித்தால் எங்கள் ஆட்கள் முதல் காரியமாகப் பிரேக்கைத் தளர்த்திவிடுவார்கள், ரப்பர் சக்கரத்தில் உரசிப் பலத்தைத் தின்னக் கூடாதென்று. இன்ஸ்பெக்டர் அய்யா இதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கிவிடும்.

நான் சௌந்தரபாண்டியன். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறேன்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். கரிசல் சக்கரக் கழகத்துக்கு நிறுவனர், தலைவர், புரவலர் மூன்றும் நான்தான். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளத் தகுந்த ஆள் அமையவில்லை. இந்த வருஷம் பெரிய சுற்று ஒன்று அறிவித்தேன். எட்டயபுரம் வழியாக வேம்பார் கடற்கரை, தூத்துக்குடி, திருச்செந்தூர், அங்கிருந்து மேற்கே திரும்பிச் செங்கோட்டை, மலையேறி அச்சன்கோவில் காடு, மேக்கரையில் இறங்கிச் சங்கரன்கோவில் வழியாக ஊர். முடித்து வந்ததும் எனக்குப் பாராட்டு விழா. கரிசல், கடல், மலை மூன்றையும் மிதித்து வென்றவன் என்று 'முந்நில வேந்தர்' பட்டம். ஃபிளெக்ஸ் கிளம்பும் முன்பே அடித்தாகிவிட்டது. சிங்கம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், பையன்கள் கேட்கவில்லை.

கழகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. தலைவர் எப்போதும் கடைசியில் வருவார். யானைக் கூட்டத்தில் பெரிய யானை கடைசியில்தான் வரும் என்று மேடையில் பேசியிருக்கிறேன். யானை எப்படி வருமோ தெரியாது, யாரும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் ஆபீஸ் வேன் வரும். ஓட்டுகிற சங்கிலிப்பாண்டிக்கு வாய் திறக்கிற பழக்கமில்லை. இன்னொரு வழக்கம், மலையில் இறங்கும் முன் தலைவர் ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் சந்தனப்பொட்டு வைத்து, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, 'சரி' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு சக்கரம் உருளாது.

கடலைமிட்டாய்க் கடை பூவனலிங்கம் எனக்கு வேண்டியவர். நல்ல மனிதர். எதையும் சிரிக்காமல் பார்க்கத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. வேம்பாரில் உப்புக்காற்று ஆளைத் தள்ளியபோது மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க, இவர், "ஏலே, காத்துக்கு நம்மளப் பிடிக்கலடே, வீட்டுக்குப் போகச் சொல்லுது" என்று கத்திக்கொண்டே வந்தார். காட்டுச் சோதனைச்சாவடியில் காவலர், தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பூவனலிங்கம் என்னைக் கைகாட்டி, "ஆபீஸே வருது அண்ணாச்சி, எறக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் ஊர்ப் பழக்கப்படி எல்லோரும் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டார்கள். ஏற்றத்தில் பிரேக் எதற்கு? மேலே போய் முடுக்கிக்கொள்ளலாம். முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்ததும் நான் வேனில் ஏறிக்கொண்டேன். தலைவன் தன் பலத்தைச் சேமித்து வைப்பது போர்முறையில் உள்ளதுதான். சைக்கிளோடு தார்ப்பாய்க்கு அடியில் படுத்துவிட்டேன். உச்சிக்கு ஒரு வளைவு இருக்கையில் சங்கிலிப்பாண்டி நிறுத்தினான். இறங்கி, பாட்டில் தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே பூவனலிங்கம்.

முன்னதாகவே மேலே சேர்ந்தவர், என்னைக் காணோமே என்று சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு நடந்தே இறங்கி வந்திருக்கிறார். கையில் எனக்காக ஒரு கடலைமிட்டாய். பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வேர்வை உடம்புலதான் வரும்னுல்லா நெனச்சிருந்தேன் அண்ணாச்சி. பாட்டில்லயே கெடைக்கா?"

"வெளையாடாதேயும் வே. இதை இங்கனயே விட்டுரும்."

"நான் யாருட்டச் சொல்லப்போறேன்? இந்தாங்க, மிட்டாயத் தின்னுங்க. தார்ப்பாய்க்குள்ள படுத்து அலுத்துப்போயிருப்பீங்க." நாலடி நடந்து திரும்பினார். "பாராட்டு விழாவுல மைக்க மட்டும் எங்கையில குடுத்துராதீங்க. நமக்கு வாய் நிக்காது."

மிட்டாயைத் தின்றேன். பாகு பதம் தவறவில்லை.

உச்சியில் மற்றவர்கள் எல்லோரும் பிரேக்கை முடுக்கி முடித்திருந்தார்கள். முடுக்க வேண்டிய நேரத்தில் என்னைத் தேடி வந்த ஆள் பூவனலிங்கம் ஒருவர்தான். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சைக்கிளில் முன்பிரேக் போதவில்லை. நானே திருகி முடுக்கிக் கொடுத்தேன். வேலை தெரிந்தவன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் சைக்கிளுக்கு வந்தேன். பொட்டு வைத்தேன். முன்பிரேக்கை அழுத்தினேன், எதிலும் பிடிக்காமல் ஹேண்டில்பாரோடு வந்து ஒட்டியது. பின்பிரேக்கும் அப்படியே. சந்தேகம் இருக்கக் கூடாதென்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். கீழே வளைவுக்கு மேல் வளைவாக ரோடு இறங்கி, அடியில் மேக்கரைத் தோப்புகள் தெரிந்தன.

"சரியா அண்ணாச்சி?"

"சரி."

"உங்க கை பட்டாச் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே முதல் ஆளாகப் புறப்பட்டார்.

நான் தள்ளவில்லை. பிரேக் திருகைத் தொடவில்லை. தளர்த்தியது அவர் கைதான். கீழேயிருந்து "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட சத்தம் கேட்டது. வழக்கமான கூத்து என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அடுத்த சைக்கிளுக்குப் பொட்டு வைத்தேன். வழக்கத்தைப் பாதியில் நிறுத்தினால் சகுனம் சரியிருக்காது.

பூவனலிங்கத்தின் சாவுக்குத் துஷ்டி கேட்கப் போன வீட்டில் அவர் மனைவி சீனித்தாய் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவிய வண்டியக் கடைசியாத் தொட்டது நீங்கதானாமே. நல்லாப் பாத்துத்தான அனுப்புனீங்க?" நல்லாப் பார்த்தேன் தாயி என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாலை என்னுடையதுதான் பெரியது. விழாவைத் தள்ளிவைத்தோம், ஃபிளெக்ஸில் நல்லவேளை தேதி போடவில்லை.

இத்தனை நாள் பேசாமல் இருந்தவன் இன்று ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். தலைவர் பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை, கவனக்குறைவு என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரிலும் அதே பேச்சு. டீக்கடையைக் கடக்கையில் என் காதிலேயே விழுகிறது: "முந்நில வேந்தருக்கு ரப்பர் எங்கன இருக்குன்னே தெரியாதாம்லே." ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

எனக்குத் தெரியும். பிரேக் பிடிக்காது என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துதான் 'சரி' என்றேன். அவர் ஊர் வந்து சேரக் கூடாது என்றுதான் சொன்னேன். கொலை என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன், கோர்ட்டில் மாற்றிப் பேச மாட்டேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அந்த வேன் விஷயம் மட்டும் எழுத்தில் வர வேண்டாம். காரணம் கேட்டால் பழைய பகை என்று ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அந்த மலை முழுக்க நான் மிதித்துத்தான் ஏறினேன்.